வந்து தங்கிப் போகும் உயிருக்கு ஒரு வரி: சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சென்னை உரிமையாளர்களே,

நானும் உங்களில் ஒருத்தி. மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடிப் போர்ஷனை 2012 முதல் வாடகைக்கு விட்டு வருகிறோம். அதற்கு முன்னால் 19 வருஷம் நாங்களே வாடகைக்குக் குடியிருந்தோம். திருவல்லிக்கேணி, ஆதம்பாக்கம், நங்கநல்லூர் என்று நாலு வீடு மாறினோம். வீட்டுக்காரர் வாடகை கேட்டு வாசலில் நிற்கும்போது கதவுக்கு உள்ளே நின்ற அனுபவமும் உண்டு, வெளியே நிற்கும் அனுபவமும் உண்டு.

நம் வாடகை ஒப்பந்தங்களில் ‘நாய், பூனை முதலிய பிராணிகள் வளர்க்கக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கும். டூ-லெட் போர்டிலேயே அதை எழுதித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. குடிவருகிறவர் வருஷம் முழுக்க ஒரு நாயை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பது பெரிய பேச்சு. அதை இங்கே முழுவதுமாக எடுக்கப் போவதில்லை. குடியிருக்கிறவரின் அம்மா ஊரிலிருந்து வருகிறார், கூடவே அவர் நாயும் வருகிறது. தம்பிக்கு ஆஸ்பத்திரி, அவன் பூனை பத்து நாள் அக்கா வீட்டில் இருக்க வேண்டும். இப்படி வந்து தங்கிப் போகிற பிராணிகளைப் பற்றித்தான் இந்த மடல். அவற்றையும் அந்த ஒரு வரிக்குள் அடைத்து நாம் வெளியே தள்ளுகிறோம். அதை நிறுத்த வேண்டும் என்று கேட்கிறேன்.

2006-இல் நாங்கள் நங்கநல்லூரில் குடியிருந்தோம். செங்கல்பட்டில் இருக்கும் என் அக்காவின் கணவருக்குச் சென்னையில் பைபாஸ் அறுவை சிகிச்சை. அவர்கள் மகன் பஹ்ரைனில். அக்கா ஆஸ்பத்திரியிலேயே தங்கியாக வேண்டும். வீட்டில் பிரவுனி என்று பத்து வயது நாட்டு நாய், ஒரு கண்ணில் புரை விழுந்தது, அதிகம் குரைக்காதது. அத்தானை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்றே பிரவுனியை ஒரு வேனில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சமையலறை வாசலில் சாக்கை விரித்துப் போட்டோம். அதில் சுருண்டு படுத்துக்கொண்டு வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்காரர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. 2004 கோடையில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது தன் லாரித் தண்ணீரிலிருந்து எங்களுக்கும் நாலு குடம் ஊற்றியவர். அந்த மனிதர் வாசல்படியைத் தாண்டாமல் நின்று சொன்னார்: “அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமில்லம்மா? நாயை இன்னிக்கே அனுப்பிடுங்க. இல்லேன்னா மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க.” என் கணவர் விஷயத்தைச் சொன்னார். “ஆபரேஷன் நல்லபடியா நடக்கட்டும். ஆனா நாய் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே பிரவுனியைப் பழவந்தாங்கல் பக்கம் ஒரு வீட்டில் விட்டோம். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, கூண்டுகள் வைத்து, நாள் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்கிற இடம். பத்து வருஷம் திறந்த வாசலில் படுத்த நாயைக் கம்பிக்குள் விட்டுவிட்டுப் படியிறங்கினோம். அது குரைக்கவில்லை. பதினோரு நாள் கழித்துக் கூட்டிவரப் போனபோது விலா எலும்பு தெரிந்தது. காது மடலுக்குள் உண்ணி அப்பியிருந்தது. முதல் ஐந்து நாள் சாப்பிடவே இல்லை என்றார்கள். அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று முதல் அந்த வரியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வளர்ப்பது வேறு, வந்தவரைத் தங்க வைப்பது வேறு என்று தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும். விடுமுறைக்கு வரும் தங்கை பிள்ளையை நாம் வளர்ப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தம் வளர்க்கக் கூடாது என்கிறது. வரக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் நாம் அதைப் படிக்கும்போது ‘நாயின் மூச்சு இந்த வாசல்படியில் படக் கூடாது’ என்றே படிக்கிறோம். குடியிருக்கிறவர் அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம்.

இத்தனைக்கும் அந்த வரியை நம்மில் எத்தனை பேர் யோசித்து எழுதினோம்? பத்திரம் எழுதும் இடத்திலோ, முத்திரைத்தாள் விற்கும் கடையிலோ, கணினியில் ஏற்கெனவே ஒரு படிவம் இருக்கும். பெயரையும் முகவரியையும் வாடகையையும் அட்வான்ஸையும் மாற்றி அச்செடுத்துக் கொடுப்பார்கள். 2012-இல் எங்கள் மாடிக்கு முதல் ஒப்பந்தம் போட்டபோதும் அப்படித்தான். பிரவுனிக்கு நேர்ந்ததைப் பார்த்தவள், அதே வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. அடுத்தடுத்துப் புதுப்பித்தபோதும் படிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது, வாடகை அதிகார அமைப்பிடம் பதியச் சொல்கிறது. வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே உங்கள் வீட்டுக்கு என்ன நிபந்தனை என்பது நீங்களும் குடிவருகிறவரும் பேசி எழுதுவதில்தான் இருக்கிறது. பேனா நம் கையில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுக்குமாடிச் சங்கங்களின் கதை வேறு. விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போட முடியாது, லிஃப்டில் வரக் கூடாது என்று சொல்ல முடியாது, அதற்கென்று தனிக் கட்டணம் வாங்க முடியாது என்கிறது அது. இந்த வாரியம் 1962-இல் அமைந்தபோது அதற்குத் தலைவராக இருந்தவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. வாரியத்தின் தலைமையகமும் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. இந்த நாட்டில் வாயில்லா உயிர்களுக்காகச் சட்டம் கேட்ட குரல் நம் ஊரிலிருந்து எழுந்தது. அதே ஊரில், ஒரு கிழ நாய் நாலு நாள் தங்கினால் வீட்டைக் காலி பண்ணு என்கிறோம்.

உங்கள் பயங்களை நான் சின்னதாக நினைக்கவில்லை. எனக்கும் அவை உண்டு. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை நாம் யாரும் மறக்கவில்லை. நாய் வைத்திருப்பவரின் அலட்சியத்துக்கு அந்தக் குழந்தை விலை கொடுத்தது. மாடியில் நாயைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட, நாள் முழுக்க அது அழுவதைக் கேட்டவர்கள் இருப்பீர்கள். மொட்டை மாடியில் வடகம் காயப் போட முடியவில்லை என்பார்கள். வேலை செய்ய வரும் அம்மா, “நாய் இருந்தா நான் மாடிப்படி கழுவ மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஒரு வீட்டில் பேரனுக்கு இழுப்பு. பூனை முடி பட்டாலே மூச்சுத் திணறும். பூஜை, மடி, ஆசாரம் என்று இருக்கும் வீடுகள் உண்டு. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு ஆகாது என்று இருக்கும் வீடுகளும் உண்டு. ஒரே கூரையின் கீழ், ஒரே மாடிப்படியில் புழங்கும்போது இவற்றை ஒதுக்கிவிட்டு யாரும் பேச முடியாது.

ஆனால் இவை ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். கடி, சத்தம், அசிங்கம், ஒவ்வாமை, ஆசாரம். எல்லாமே பிராணி எப்படி இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பற்றியவை. அவற்றை அப்படியே எழுதலாம். கயிறில்லாமல் படியிறங்கக் கூடாது என்று எழுதலாம். தனியாகப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது என்று எழுதலாம். எங்கள் பேரனுக்கு ஆகாது, ஆகவே பூனை மட்டும் வேண்டாம் என்று எழுதினால் குடியிருக்கிறவர் அதை மதிப்பார், காரணம் தெரிகிறதல்லவா? ‘பிராணிகள் கூடாது’ என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டால், பேரனின் இழுப்புக்கும் நம் வெறும் பழக்கத்துக்கும் ஒரே எடை ஆகிவிடுகிறது.

வீடு பாழாகும் என்ற பேச்சையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். குளிர் நாடுகளில் சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்டிய தரைகள் உண்டு. அதில் நாய் சிறுநீர் கழித்தால் அடிவரை ஊறி, நாற்றம் போகாமல், கம்பளத்தையே பிய்த்தெடுக்க வேண்டி வரும். அங்கே உரிமையாளர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் மொசைக், டைல்ஸ், கிரானைட். ஒரு வாளித் தண்ணீரும் பினாயிலும் போதும். மார்பிள் மட்டும் கறை பிடிக்கும். அது எலுமிச்சம்பழச் சாறு சிந்தினாலும் பிடிக்கும். எங்கள் மாடியில் இத்தனை வருஷத்தில் உண்மையாகவே செலவு வைத்தவை மூன்று: சுவரில் ஆணி அடித்துப் பெயர்ந்த சிமென்ட், கழிவறைக் கசிவு, முதல் குடித்தனக்காரரின் பையன் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கிரேயானில் வரைந்த ரயில். குழந்தைகள் கூடாது என்று நாம் யாரும் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை. எழுதவும் கூடாது.

சேதம் வந்தால் ஈடுகட்டத்தான் அட்வான்ஸ் வாங்கி வைத்திருக்கிறோம். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய ஊர் இது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. மூன்று மாதத் தொகையே ஒரு நாய் நாலு நாளில் செய்யக்கூடிய எதையும் தாங்கும்.

மற்ற நாடுகளையும் பாருங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், டொரொன்ரோவையும் ஸ்கார்பரோவையும் சுற்றி ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. வாடகைக்கு விட்டும் இருக்கின்றன. அங்கே 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தில் ‘பிராணிகள் கூடாது’ என்று எழுதினால் அந்த வரி செல்லாது. எழுதாததுபோல்தான். அதற்காக உரிமையாளர் கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை. அந்தப் பிராணி மற்றவர் நிம்மதியைக் கெடுத்தாலோ, கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கினாலோ, ஆபத்தான இனமாக இருந்தாலோ தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பிராணி இருப்பது குற்றமில்லை, அதனால் கெடுதல் வந்தால் கேள்வி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் 2025 அக்டோபரில் ஒரு புதிய வாடகைச் சட்டம் நிறைவேறியது. குடியிருக்கிறவர் பிராணி வைத்துக்கொள்ள எழுதிக் கேட்டால் உரிமையாளர் நியாயமான காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்கிறது. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளில் பல பத்தாண்டுகளாகப் பூனைக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. 2024 செப்டம்பர் முதல் உரிமம் பெற்று இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் வருஷக்கணக்கில் வளர்ப்பதற்கான அனுமதி. நான் உங்களிடம் கேட்பது அதில் நூறில் ஒரு பங்கு.

இனி, என் மனதை மாற்றிய நாளைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். முந்தின நாள் ஆரம்பித்த மழை நிற்கவில்லை. மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு விடிவதற்குள் ஆறாகிவிட்டது. காலை எட்டு மணிக்குக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், பத்து மணிக்கு முழங்கால். கரண்ட் இல்லை. என் கணவருக்கு முட்டி வலி. மாடியில் குடியிருக்கும் பெண் இறங்கி வந்து, “ஆன்ட்டி, அங்கிளைக் கூட்டிட்டு மேல வந்துடுங்க” என்று கையைப் பிடித்தாள். அவள் கணவர் என் கணவரைத் தாங்கி ஏற்றினார். மருந்துப் பையும் பாஸ்புக்கும் இரண்டு போர்வையும் எடுத்துக்கொண்டு நாங்கள் எங்கள் குடித்தனக்காரர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனோம்.

மேலே போனால் அவள் தம்பி குடும்பம் அங்கே இருந்தது. பள்ளிக்கரணையில் தரைத்தளத்தில் இருந்தவர்கள், விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். தம்பி, அவன் மனைவி, மூன்று வயதுக் குழந்தை. எல்லாருக்கும் சுக்கு காபி போட்டுக் கொடுத்தாள். குளியலறைக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. நான் எழுந்து போனபோது அந்தப் பெண் முகம் வெளுத்துவிட்டது. “ஆன்ட்டி, ஒரு நிமிஷம்” என்று குறுக்கே வந்தாள்.

உள்ளே துணி போடும் பிளாஸ்டிக் கூடை. அதன் மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்து நைலான் கயிறால் கட்டியிருந்தார்கள். கூடைக்குள் ஒரு சாம்பல் நிறப் பூனை, நனைந்த உடம்போடு, கண்களை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சத்தம் கேட்காமல் இருக்க கூடையைச் சுற்றித் துண்டு போர்த்தியிருந்தார்கள். தம்பி மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். “தண்ணி வடிஞ்சதும் கொண்டுபோயிடுறோம் ஆன்ட்டி. அக்ரிமென்ட்ல இருக்குன்னு அக்கா சொன்னாங்க. விட்டுட்டு வர மனசு வரல.”

என் வீடு முழங்கால் தண்ணீரில் இருக்கிறது. அவர்கள் எங்களுக்குப் பாய் விரித்திருக்கிறார்கள், இருக்கிற ஒரு பாக்கெட் பாலில் எங்களுக்கும் காபி போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்திலும் ஒரு பூனைக்காக என்னைப் பார்த்து நடுங்கினார்கள். 2006-இல் வாசல்படியில் நின்ற மனிதரின் இடத்தில் இப்போது நான் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறக்கக்கூட இல்லை. என் ஒப்பந்தம் எனக்காகப் பேசி முடித்திருந்தது. கயிற்றை நானே அவிழ்த்தேன். பூனை வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. ராத்திரி என் கணவரின் கால்மாட்டில் வந்து படுத்துக்கொண்டது. கரண்ட் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நாங்கள் ஏழு பேரும் ஒரு பூனையும் இரண்டு அறைகளில் இருந்தோம்.

அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். 2015 வெள்ளத்திலும் இப்படித்தான் என்றார்கள். வேளச்சேரியிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் சொந்தக்காரர் வீட்டு மாடிகளுக்கு ஓடிய குடும்பங்கள், தங்கள் நாயையும் பூனையையும் என்ன செய்வது என்று தவித்திருக்கின்றன. அடைக்கலம் கொடுத்த வீடும் வாடகை வீடு. “நீங்க வாங்க, நாய் வேண்டாம், எங்க ஓனர் ஒத்துக்க மாட்டாரு” என்று சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஏரிகளின் வடிகாலிலும் சதுப்பு நிலத்திலும் வீடு கட்டிக் குடியேறிய ஊர் நம்முடையது. வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் யாரோ சிலரின் வளர்ப்புப் பிராணியை இன்னொருவர் வீட்டு விருந்தாளி ஆக்குகிறது. அந்த நேரத்தில் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

மழையில்லாத நாளிலும் இதே சங்கடம்தான். ஊரில் தனியாக இருக்கும் அம்மா, அப்பாக்களைப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையில் வாடகை வீட்டில். “வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்கம்மா” என்பார்கள். “மணியை எங்கே விட்டுட்டு வர?” என்று அங்கிருந்து பதில் வரும். துணைக்கென்று இருக்கிற ஒரே உயிர் அது. பேரன் பிறந்து மூன்று மாதமாகியும் வந்து பார்க்காத ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். காரணம் கேட்டால் உடம்பு சரியில்லை என்பார். உண்மையான காரணம் ஒரு கிழட்டுச் சிப்பிப்பாறை நாயும் மகள் வீட்டு ஒப்பந்தமும்.

விட வேறு இடமில்லாமல் போகும்போது என்ன நடக்கிறது என்பதையும் நாம் தெருவில் பார்க்கிறோம். வீட்டு நாய் தெருவில் விடப்பட்டால் உடனே தெரிந்துவிடும். கழுத்தில் பட்டை இருந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கும். ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். அந்தத் தெருவின் நாய்கள் அதைச் சேர்க்காமல் துரத்தும். பைக் சத்தம் கேட்டால் தன் ஆள்தான் என்று ஓடும். இப்படிக் கைவிடுவது 1960 சட்டத்தின்படி குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். அந்தத் தொகை யாரையும் தடுக்காது. உறவினர் வீட்டில் பதினைந்து நாள் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை தடுக்கும்.

நான் என் ஒப்பந்தத்தைத் திருத்திவிட்டேன். 2024-இல் புதுப்பித்தபோது அந்தப் பழைய வரியை எடுத்துவிட்டு, மாடியில் இருக்கும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை எழுதினோம்:

“உறவினர், நண்பர்களுடனோ, அவர்களுக்காகவோ வந்து தங்கும் நாய், பூனைகளை ஒரு முறைக்கு 15 நாள் வரை, வருஷத்துக்கு 45 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். வரும் முன் உரிமையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். வெள்ளம், மருத்துவமனை போன்ற அவசரத்தில் வந்த பிறகு சொன்னால் போதும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டை இருக்க வேண்டும். படிக்கட்டிலும் வாசலிலும் நாய் கயிற்றில் இருக்க வேண்டும். ஆளில்லாமல் நாள் முழுக்கப் பூட்டிவைக்கக் கூடாது. மொட்டை மாடியை அதன் கழிப்பிடமாக்கக் கூடாது. சேதம் ஏற்பட்டால் பழுது பார்த்த உண்மையான ரசீதுப்படி குடியிருப்பவர் தர வேண்டும்.”

வக்கீலிடம் காட்டினோம், எழுதியதில் சிக்கல் ஒன்றும் இல்லை என்றார். ‘15’, ‘45’ என்பவை எங்களுக்குச் சரிப்பட்ட எண்கள். உங்களுக்குப் பத்து நாள்தான் முடியும் என்றால் பத்து என்று போடுங்கள். எண் ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எண் இல்லாவிட்டால் வந்த நாய் எப்போது போகும் என்று நமக்குப் பயம். நாயைப் பார்த்தால் ஓனர் என்ன செய்வாரோ என்று அவர்களுக்குப் பயம். தகவல் சொல்வதும் முக்கியம். இன்றைக்கு ஒளித்துவைக்கும் குடித்தனக்காரர், தடுப்பூசி போட்டதா இல்லையா என்று தெரியாத பிராணியைத்தான் நம் கூரைக்குள் வைத்திருக்கிறார். சொல்ல வழி கொடுத்தால்தான் நமக்கே பாதுகாப்பு. மாநகராட்சியின் வளர்ப்புப் பிராணி உரிமம் வாங்குவதற்கும் தடுப்பூசிச் சான்று வேண்டும்; சென்னைக்குள்ளிருந்து வரும் நாயென்றால் அந்த உரிமத்தையே கேட்டுப் பார்க்கலாம்.

அப்படி எழுதிய பிறகு ஐந்து முறை விருந்தாளிகள் வந்தார்கள். அதே சாம்பல் பூனை மூன்று தடவை. மாடிப் பெண்ணின் மாமியார் திருச்சியிலிருந்து ஒரு கிழ பொமரேனியனோடு இரண்டு தடவை. அந்த அம்மா வந்தது மகன் கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் முறை. பூனை சமையலறைக் கொசுவலையை ஒரு மூலையில் கிழித்தது. மாற்ற 900 ரூபாய் ஆனது; ரசீதைக் காட்டும் முன்பே ஜி-பேயில் அனுப்பிவிட்டார்கள். பொமரேனியன் முதல் நாள் ராத்திரி குரைத்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்டார். சொன்னோம், சரி என்றார். மறுநாள் குரைக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மடலைக் காட்டிக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் சண்டை போடாதீர்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். 2006-இல் பிரவுனி வருவதற்கு முன்னால் நாங்கள் மாடியேறி, “சார், அத்தானுக்கு ஆபரேஷன், பத்து நாள் ஒரு வயசான நாய் இருக்கும்” என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கொடுத்த மனிதர், சம்மதித்திருக்கக்கூடும்.

உரிமையாளர்களே, பழைய ஒப்பந்தத்தைப் பீரோவிலிருந்து எடுத்து அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புதுப்பிக்க நாள் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை அதோடு இணைத்தால் ஆயிற்று. அதற்கும் நேரமில்லையென்றால் இன்றைக்கே மாடியேறிப் போய், “உங்க அம்மா வந்தா நாயையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணிடுங்க” என்று வாயால் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்தில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் உங்களில் ஒருத்தி